போனக்காட்டுக்குப் போன பசிபிக் மழை அறிக்கை

போனக்காட்டுக்குப் போக எந்த மாதம் நல்லது என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஜனவரி, பிப்ரவரி என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் நானும் என் மனைவி செல்வியும் போனது போன வருடம், 2006 அக்டோபரில். திருவனந்தபுரம் பக்கத்தில் துலாவர்ஷம் என்று சொல்வார்களே, மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டு அப்புறம் இடியோடு கொட்டுகிற மழை, அந்த மழைக்காலத்தில். தெரிந்தே யாரும் போக மாட்டார்கள். நாங்கள் போனதும் ஊர் சுற்ற இல்லை. தென்பசிபிக்கில் உள்ள ஒரு தீவின் மழை, புயல் முன்னறிவிப்பை என் மாமனார் மாமியாருக்குப் படித்துக் காட்டுவதற்காகப் போனோம்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். செல்வி நர்ஸ். போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சில தலைமுறை ஆகிறது. திருவனந்தபுரத்தில் நர்சிங் படித்து, அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலுக்கு என்னோடு வந்துவிட்டாள். நான் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறுவேன், திரும்பி வந்து இங்கே எழுதுவேன். அவ்வளவுதான் என் உலகம்.

அந்த செப்டம்பரில் செல்விக்குப் பசிபிக் தீவு ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. தீவின் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. "அங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், உங்க பிளாக்க யாராவது படிச்சுக் காட்டிருவாங்க" என்கிறாள். நியூசிலாந்து போய், அங்கிருந்து இன்னும் சில மணி நேரம் பறக்க வேண்டும். தேதிக் கோட்டைத் தாண்டிய தீவு. நமக்குத் திங்கட்கிழமை காலை என்றால் அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

வேலை உத்தரவோடு ஆஸ்பத்திரியின் நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் வந்து சேரலாம். அல்லது மே மாதம் வரலாம், ஆனால் அதுவரை இடம் காலியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கூடவே, புதிதாக வருகிற எல்லோருக்கும் அனுப்புவது வழக்கம் என்று சொல்லி, அந்த நாட்டு வானிலைத் துறையின் பருவ முன்னறிவிப்பையும் இணைத்திருந்தார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்பசிபிக்கில் புயல் பருவம். அந்த ஆறு மாதமும் எப்படி இருக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் ஒரு கணிப்பு. அந்த வருடம் எல் நினோ. பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதாம். அதனால் செல்வி போகிற தீவில் மழை வழக்கத்தைவிடக் குறைய வாய்ப்பு, புயல் வாய்ப்பு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் என்று போட்டிருந்தது.

செல்விக்கு டிசம்பரிலேயே போக வேண்டும். எனக்கு அவள் மே மாதம் போனால் போதும். சண்டை ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள் ஒரு தடவை அந்தத் தாளை எடுத்துப் படிப்பாள், அவள் வைத்த பிறகு நான் எடுத்துப் படிப்பேன். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் சொன்னாள்.

"அப்பா அம்மாகிட்ட இத மறைச்சுட்டுப் போக மாட்டேன். போனக்காட்டுக்கு வந்து நீங்களே தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. நான் படிச்சா, போற ஆசையில குறைச்சுச் சொல்றான்னு நினைப்பாங்க."

சரி என்றேன். ஒரு சனிக்கிழமை காலையில் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினோம். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாலராமபுரத்தில் எப்போதும்போல நெரிசல். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டிக்கெட் முப்பது ரூபாய் சொச்சம். ரயிலில் போனால் பாதிக் காசும் ஆகாது, ஆனால் அது வருகிற நேரத்தை நம்பி வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

தம்பானூரிலிருந்து நடந்தே பழவங்காடிக் கோயிலுக்குப் போனோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் செல்வி எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. அன்றைக்கும் ஒரு தேங்காய் வாங்கி உடைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு சாலைக் கடைத்தெருவுக்குள் புகுந்து மாமியார் சொல்லி அனுப்பியிருந்த சாமான்களை வாங்கினோம். உளுந்து, கருப்பட்டி, வற்றல் மிளகாய். காட்டில் காலில் ஏறுகிற அட்டைக்குப் போட உப்பும் புகையிலையும். கடைக்காரர் வள்ளியூர்க்காரர்.

"புகையிலையா? மழையில காட்டுக்குப் போறீயளா?" என்று கேட்டார்.

"போனக்காடு. என் வீடு அங்கதான்" என்றாள் செல்வி.

"அப்ப ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே புகையிலை கட்டிக் கொடுத்தார்.

திருவனந்தபுரத்தில் எங்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. கோட்டைக்குள் இருக்கிற அக்ரகாரத் தெரு ஒன்றில் வைதேகி என்று ஒரு அம்மா இருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வானிலை அலுவலகத்தில் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்விதான் பார்த்துக்கொண்டாளாம். அந்தப் பழக்கம் விடாமல் இருக்கிறது. அறிக்கையைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்பது என் யோசனை. உண்மையைச் சொன்னால், மே மாதம் போ என்று அவர் வாயால் வரவேண்டும் என்பதுதான் என் யோசனை.

"வாங்கோ வாங்கோ. செல்வி, நீ எளச்சுப் போயிட்டே கேட்டியா. மொதல்ல காபி, அப்பறம் பசிபிக்" என்று உள்ளே அழைத்துப் போனார். நான் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மழை குறையும், புயல் கூடும்னு போட்டிருக்கே மேடம். அதெப்படி ரெண்டும் சேர்ந்து வரும்?"

"ஏன் வராது? ஆறு மாச மழைங்கறது தெனம் தெனம் மேகம் வந்து பெஞ்சு சேர்றது. கடல் சூடு எடம் மாறினா அந்த மேகமும் எடம் மாறிப் போயிடும். புயல்ங்கறது ரெண்டு மூணு நாள் விருந்தாளி. பருவம் பூரா வறண்டு கெடந்தாலும் ஒரு புயல் வரலாம். அது போனப்பறம் மறுபடியும் வறண்டே கெடக்கலாம்."

"அப்ப புயல் வருமா?"

"அத இந்தப் பேப்பர் சொல்லலை, கேட்டேளா. எந்தத் தேதி, எந்தத் தீவு, எதுவும் இதுல கெடையாது. இதே மாதிரி கடல் சூடா இருந்த வருஷங்கள எல்லாம் எடுத்து வெச்சுண்டு பார்த்தா, அதுல அந்தப் பக்கம் புயல் போனது கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவாக்கும் விஷயம். ஒரு வாரத்துக்கு முன்னாடிதான் ஏதாவது உருப்படியாச் சொல்ல முடியும். அத அந்த ஊர்க்காரா சொல்லுவா."

நான் விடவில்லை. "உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத என்கிட்ட தெனம் யாராவது கேக்கறா. கல்யாணத்துக்குப் பந்தல் போடலாமா, வள்ளத்த கடல்ல எறக்கலாமா. நான் மழையத்தான் சொல்லுவேன், முடிவு அவாளோடது. இது செல்வியோட முடிவு. என்னோடதும் இல்லை, உங்களோடதும் இல்லை." பிறகு செல்வியின் பக்கம் திரும்பி, "தண்ணி எங்கேந்து வர்றதுன்னு கேட்டுக்கோ. மழை கொறையும்னு போட்டிருக்கே, புயல விட்டுட்டு மொதல்ல அத யோசி. மழைத் தண்ணியச் சேத்து வெச்சுக் குடிக்கற ஊருக்கு அதுதான் தெனப்படி கஷ்டம்" என்றார்.

அன்று தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். இரட்டை அறை இருநூற்றைம்பது ரூபாய். சுத்தமான அறைதான், ஆனால் பஸ் நிலையத்தின் ஹாரன் அத்தனையும் அறைக்குள்ளேயே கேட்கும்.

போனக்காட்டுக்குத் தம்பானூரிலிருந்து அறுபது கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா வழியாகப் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஓடுவது சில பஸ்கள்தான். விடிகாலை பஸ்ஸைப் பிடித்துவிட்டால் எட்டு மணிக்கு முன்னால் மேலே போய்விடலாம். விதுராவில் டீ குடிக்க நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு கடை கிடையாது. காணித்தடம் சோதனைச்சாவடி தாண்டியதும் காடுதான். கொண்டை ஊசி வளைவுகளில் கிளைகள் ஜன்னலுக்குள்ளேயே வந்து போகும். ஜன்னல் ஓரத்து ஆசாமிகள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குக் காலையிலேயே மழை. பாதி வளைவுகள் ஏறியிருப்போம். பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்தார். கண்டக்டர் எங்களிடம் வந்தார். எஸ்டேட்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ்.

"சேட்டா, இனி வண்டி போவாது. மண்ணு இடிஞ்சு ரோட்டுல கெடக்கு. ஜேசிபி வந்தாத்தான் உண்டு."

"எப்ப வரும்?"

"இன்னைக்கு ஞாயிறல்லே" என்றார், அதற்குமேல் என்ன கேள்வி என்பதுபோல. பிறகு செல்வியை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஏ, நம்ம தங்கையா அண்ணன் மோளல்லே? நீ நடந்து போயிருவே. புள்ளிக்காரன் நடப்பானா?"

புள்ளிக்காரன் நான்தான். நடந்தேன். மண் சரிந்த இடத்தில் மரவேர்களைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். செல்வி உளுந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து காலில் அட்டையைத் தேடினேன். புகையிலையை ஈரத்துணியில் கட்டிக் காலில் தேய்த்துக்கொண்டால் ஏறாது என்பார்கள். ஏறியது.

மூச்சு வாங்க ஒரு வளைவில் நின்றபோது கேட்டேன். "உனக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையா?"

"யாரு சொன்னா? நல்லா பேடி இருக்கு." மலையாளமும் தமிழுமாகத்தான் அவளுக்குப் பேச்சு வரும், ஊரை நெருங்க நெருங்க மலையாளம் கூடும். "ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம். டிசம்பர்ல போனாலும் ரெண்டு புயல் சீசன். மே மாசம் போனாலும் ரெண்டு சீசன். மேயில போனா அது கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதானே?"

கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நாள் முழுக்கக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் போவதைத் தள்ளிப்போடத்தான் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன், புயல் கைக்குக் கிடைத்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. பையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போனக்காட்டை இதுவரை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடாத தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது. தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. வரிசையாக லயங்கள். மழை விட்டால் அகத்தியர் மலை முழுசாகத் தெரியும். அன்றைக்கு விடவில்லை. எதிர் லயமே தெரியவில்லை. செல்வியின் அம்மா பாக்கியம் அத்தை வாசலில் நின்று கத்தினார். "நடந்தா வந்தீய? மாப்ளைய நடத்தியா கூட்டிட்டு வந்தே?" எங்களை உட்காரவைத்து, அடுப்புப் பக்கம் இழுத்து, முதல் வேலையாக என் கால்களைப் பரிசோதித்தார். மாமா தங்கையா உப்பு டப்பாவைக் கொண்டு வந்து வைத்தார்.

சாப்பிட்ட பிறகு செல்வி விஷயத்தைச் சொன்னாள். வேலை, தீவு, இரண்டு வருடம். இருவரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு நான் தாளை எடுத்தேன். ஓட்டின்மேல் மழை சத்தம், கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மழை வழக்கத்தைவிடக் குறைய வாய்ப்பு என்றேன். தண்ணீரைச் சேமித்து வைக்க மக்களுக்கு ஆலோசனை என்றேன். அடுத்த வரிக்கு வந்தேன்.

"இந்தப் பருவத்துல புயல் வாய்ப்பு வழக்கத்தவிட ரொம்ப அதிகம்."

அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "ரொம்ப இல்ல. சற்று."

திரும்பாமல் சொன்னாள். கோபம் இல்லை, மருந்துச் சீட்டில் அளவைத் திருத்துகிற குரல். நான் தாளைப் பார்த்தேன். சற்று என்றுதான் இருந்தது. 'ரொம்ப'வை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ளே, அத ஒருக்கக் கூடி வாசிங்க."

"புயல் வாய்ப்பு வழக்கத்தவிடச் சற்றுக் கூடுதல்."

"ஆங்." தலையாட்டினார். "அவ போறது நமக்கும் இஷ்டமில்ல, கேட்டியளா. ஆனா பேப்பர்ல உள்ளது பேப்பர்ல உள்ளபடி இருக்கணும்."

அத்தை சிரித்துவிட்டார். செல்வியும் சிரித்தாள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். அதன் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. மே மாதம் போனால் என்ன என்று மாமா ஒரு முறை கேட்டார். வழியில் என்னிடம் சொன்ன கணக்கைச் செல்வி அவரிடமும் சொன்னாள். மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

அத்தைதான் கடைசியில் கேட்டார். "மோளே, அங்க கொடுங்காத்து அடிச்சா போன் கிடைக்குமா?"

"கிடைக்காதும்மா. ரெண்டு நாள், மூணு நாள் லைன் போயிரும்."

"அடிக்கட்டும். நீ ஒறப்புள்ள எடத்துலதான் இருப்பே, ஆஸ்பத்திரியல்லே. ஆனா அடிச்சு முடிஞ்ச பெறவு நீ சொகமா இருக்கேன்னு என்கிட்ட யாரு சொல்லுவா? இங்க போனே இல்ல."

அதற்கு எந்த அறிக்கையிலும் பதில் கிடையாது. போனக்காட்டில் செல்போன் எடுக்காது. அவசரமென்றால் விதுராவில் மாமாவுக்குத் தெரிந்த டீக்கடைக்குப் போன் செய்து, பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்ப வேண்டும். அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். தீவுக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் நான் டீக்கடைக்குச் சொல்வேன். இருவரும் புறப்பட்டு நாகர்கோவிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். செல்வியின் போன் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இதை வரிவரியாக ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அத்தை எழுந்தார். செல்வி போகலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தை செல்விக்குத் தலை வாரிவிடத் தொடங்கினார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மண்ணை அள்ளிவிட்டார்கள். பஸ் வந்தது. விதுராவில் இறங்கி ஒரு இணைய மையத்தில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கிருந்து, தங்குமிடம் எப்படி, போன் எத்தனை நாள் போகும் என்று கண்காணிப்பாளர் அம்மாவுக்குச் செல்வி எழுதினாள். நாகர்கோவில் வந்து இரண்டாம் நாள் பதில் வந்தது. நர்சுகளின் குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது, கான்கிரீட் கட்டடம், ஜன்னலுக்கு மரக்கதவு. தண்ணீருக்கு மழைநீர்த் தொட்டியும் ஓர் ஓடையும். ஓடை வற்றினால் குளிப்பதைக் குறைக்க வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டு நர்சுகள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், புயல் வந்தால் கை போதாது, அதனால்தான் உன்னை டிசம்பரில் கேட்கிறேன்.

செல்வி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை என்னைப் படிக்கச் சொன்னாள். அதன் பிறகு மே மாதத்தைப் பற்றி நான் பேசவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வழியனுப்பினோம். அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அழுகை எல்லாம் உண்டு, அதை எழுத வேண்டியதில்லை. ஜனவரியில் அங்கே மழை குறைந்தது. ஓடை மெலிந்துவிட்டது. அரை வாளியில் குளிக்கிறேன் என்று எழுதினாள். போனக்காட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீரை அளந்து செலவழிப்பது புதுசு. புயலைவிட அதுதான் அவளைப் படுத்தியிருக்கிறது என்று மின்னஞ்சல்களைப் பார்த்தால் தெரிகிறது.

பிப்ரவரியில் எச்சரிக்கை வந்தது. இணைய மையத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தேன். தீவுக்கு ஒரு பக்கமாகச் சுழி நகர்ந்துகொண்டிருந்தது. விதுரா டீக்கடைக்குச் சொன்னேன். பிறகு வைதேகி அம்மாவுக்குப் போன் செய்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளித்தான் போறாப்பல இருக்கு. காத்தும் மழையும் நன்னா இருக்கும். லைன் கெடைக்காது. லைன் கெடைக்கலைங்கறத ஒரு சேதியா எடுத்துக்காதேள், கேட்டேளா" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

மறுநாள் மத்தியானம் அத்தையும் மாமாவும் வீட்டு வாசலில் நின்றார்கள். கையில் ஒரு பை. அதில் மாற்றுத் துணியும், எனக்குக் கொஞ்சம் காட்டு நெல்லிக்காயும். போன் இருக்கிற கூடத்திலேயே அத்தை பாய் போட்டுக்கொண்டார். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மாமா தெருமுனை வரை நடந்து போவதும் திரும்பி வந்து போனைப் பார்ப்பதுமாக இருந்தார். நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது குறைவு. ஒருவர் தட்டில் ஒருவர் குழம்பு ஊற்றினோம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நான் அவர்களோடு அத்தனை நேரம் ஒரே கூரையின் கீழே இருந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அத்தையின் கையில் கொடுத்தேன். எடுத்தது நான்தான் என்று செல்வி நினைத்துவிட்டாள். மறுமுனையில் அவள் மடமடவென்று பேசியது எங்களுக்கும் கேட்டது. "ஒண்ணும் கேக்காதீங்க, நல்லாருக்கேன், வார்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல, மூணு நாளா தூங்கல, இப்ப தூங்கப் போறேன், நாளைக்குப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க."

"தூங்கு மோளே" என்றார் அத்தை.

"அம்மா?" என்றாள் செல்வி. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். மாமா தெருமுனை வரை நடந்து போனார்.

அந்தப் பருவத்தில் மழை குறைவு, பக்கத்தில் போன புயல் ஒன்று. அறிக்கை பலித்துவிட்டது என்று வைதேகி அம்மாவிடம் சொன்னேன். ஒரு வருஷத்தை வைத்துப் பலித்தது, பலிக்கவில்லை என்று சொல்லக் கூடாது என்று திருத்தினார். புயலே வராமல் போயிருந்தாலும் அறிக்கை சரிதானாம்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போனக்காட்டுக்கு ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். அகத்தியர் மலை ஏறுவதாக இருந்தால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்குக் கீழே இறங்கும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மேலே தங்க லாட்ஜ் கிடையாது. விதுராவிலேயே சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் போயே ஆக வேண்டும் என்றால் காலையிலேயே மேலே போய்ச் சேருங்கள், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், பாதி தூரம் நடக்கத் தயாராக இருங்கள்.

தென்பசிபிக் தீவுகளுக்குப் போகிறவர்கள், அல்லது யாரையாவது அனுப்புகிறவர்கள், அந்த நாட்டு வானிலைத் துறையின் பருவ முன்னறிவிப்பைக் கட்டாயம் படியுங்கள். பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். பசிபிக் முழுவதற்கும் சொன்னதை உங்கள் தீவுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு தீவில் மழை கூடுகிற வருடம் இன்னொரு தீவில் குறையும். மழைக்கு என்ன சொல்லியிருக்கிறது, புயலுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். அது ஆறு மாதத்தைப் பற்றிய பேச்சு, நீங்கள் போகிற வாரத்தைப் பற்றியது இல்லை. அந்த வாரத்துக்கு அந்த ஊர் வானொலியைக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுவதாக இருந்தால், எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள்.

நான் இந்த நவம்பரில் அங்கே போகிறேன். செல்வியோடு அங்கேயே இருந்து ஒரு கணக்கு வேலை பார்த்துக்கொள்வதாகத் திட்டம். புயல் பருவம் தொடங்குகிற நேரமாயிற்றே, ஏப்ரல் கழிந்து போகக் கூடாதா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த வருடத்து அறிக்கை இன்னும் வெளிவரவில்லை.